சிதறும் ஒளி - 9: சொரசொரப்பான வெள்ளி

1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட ராமன் விளைவை, அதாவது மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறுவதை, போன வாரம் பார்த்தோம். அதன் பெரிய குறை, மங்கல். சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடிக்கு ஒன்றுதான் நிறம் மாறி வரும். எந்த மூலக்கூறு என்ற தகவல் இருப்பதோ அந்த ஒன்றில்தான். ரத்தத்தில் துளியூண்டு கலந்த மருந்தை இதை வைத்துத் தேடினால் கண்ணுக்கு எதுவும் அகப்படாது.

வழி திறந்தது 1974-இல், வேறு எதையோ தேடப்போன இடத்தில். இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃப்ளெய்ஷ்மன், பாட்ரிக் ஹெண்ட்ரா, ஜேம்ஸ் மக்குவில்லன் மூவரும் வெள்ளி மின்முனையில் ஒட்டும் பிரிடின் மூலக்கூறுகளைப் பார்க்க விரும்பினார்கள். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, வெள்ளியைக் கரைத்துக் கரைத்து மீண்டும் படியவைத்து, அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். பரப்பு கூடினால் ஒட்டுகிற மூலக்கூறும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ராமன் சிக்னல் பளிச்சென்று வந்தது. (1989-இல் 'குளிர் அணுப்பிணைவு' என்று அறிவித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர் இதே ஃப்ளெய்ஷ்மன்தான். அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த வெள்ளியை மறந்துவிடுகிறார்கள், அநியாயம்.)

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வான் டைனுக்கு அந்தக் கணக்கு இடித்தது. 1977-இல் அவரும் டேவிட் ஜீன்மெயரும் கணக்கைத் திருத்தினார்கள்: சிக்னல் லட்சம் மடங்குக்கு மேல் பெருகுகிறது, பரப்பு அவ்வளவு கூடவில்லை. கென்ட் பல்கலைக்கழகத்தின் ஆல்பிரெக்ட், கிரெய்ட்டன் இருவரும் அதே ஆண்டில் தனியாக இதையே கண்டார்கள்.

காரணம் உலோகத்துக்குள் இருக்கிறது. ஊஞ்சலை வாகான நேரத்தில் தள்ளினால் வீச்சு ஏறுமல்லவா, அப்படி லேசரின் அதிர்வுக்கு இசைந்து வெள்ளியின் எலெக்ட்ரான்கள் மொத்தமாக ஆடுகின்றன. இந்தக் கூட்டு ஆட்டம்தான் பிளாஸ்மான். இரண்டு வெள்ளித் துகள்கள் ஒன்றிரண்டு நானோமீட்டர் இடைவெளியில் நின்றால், அந்த இடுக்கில் மின்புலம் குவிந்துவிடும். புலம் பத்து மடங்கானால் ராமன் சிக்னல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. 1997-இல் ஒற்றை மூலக்கூறையே இப்படிப் பார்த்துவிட்டார்கள்.

வம்பும் அதே இடுக்கில்தான். இடைவெளி ஒரு நானோமீட்டர் விலகினாலே சிக்னல் சரிந்துவிடும். ஒரே தகட்டில் இங்கே ஒரு அளவு, பக்கத்திலேயே இன்னொரு அளவு. வெள்ளி காற்றில் கறுக்கும். தங்கம் கறுக்காது, ஆனால் பெருக்கம் குறைவு. ரத்தத்தை வைத்தால் புரதங்கள் முந்திக்கொண்டு உலோகத்தை மூடிவிடும். குளுக்கோஸோ வெள்ளியில் ஒட்டவே ஒட்டாது. வான் டைன் குழு நுண்ணிய கோளங்களின் மேல் வெள்ளியைப் படியவைத்து, அதன்மேல் குளுக்கோஸை அருகே இழுத்து நிறுத்தும் கரிம மூலக்கூறு அடுக்கு ஒன்றைப் பூசியது. 2006-இல் எலியின் தோலுக்கடியில் அதை வைத்துச் சர்க்கரையை அளந்தும் காட்டினார்கள்.

வேதிப்பொருளைத் துப்புத் துலக்குவதில் இந்த முறை தேறிவிட்டது என்பேன். 2010-இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்து டியான் சொங்சுன் குழு, மெல்லிய சிலிக்கா உறை போட்ட தங்கத் துகள்களை ஆரஞ்சுத் தோலில் தூவியே பூச்சிக்கொல்லியைக் கண்டுபிடித்தது. மருத்துவத்தில் அந்த அளவுக்கு வரவில்லை. வீட்டில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் இன்றும் நொதியை நம்பித்தான் ஓடுகிறது. 'ஒரு சொட்டு ரத்தம், ஒரு லேசர், எல்லா நோயும் தெரியும்' என்று யாராவது கருவி விற்க வந்தால், ஒரே ரத்தத்தைப் பத்துத் தகடுகளில் வைத்தால் பத்திலும் ஒரே அளவு வருமா என்று கேளுங்கள்.