தொட்டில் ஆடும், பேசுமா?

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் கைக்குழந்தை உள்ள பல வீவக அடுக்குமாடி வீடுகளில் ஒரு ஸ்பிரிங் தொட்டில் இருக்கும். இரும்புச் சட்டம், அதில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங். நம் தூளிக்கு மலாய்ச் சொந்தம். இப்போது மோட்டார் வைத்ததும் கிடைக்கிறது. பொத்தானைத் தட்டினால் தானாக ஆடும். "மெஷின் ஆட்டினால் பிள்ளைக்குப் பாசம் ஒட்டுமா?" என்று பாட்டிமார் முகம் சுளிப்பார்கள்.

மெஷின் மேல் பழி வேண்டாம். ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்துக் குமி குரோடா குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அழுகை குறைந்தது. ஆடும் தொட்டிலிலும் குறைந்தது. அசையாமல் மடியில் வைத்திருந்தபோது குறையவில்லை. தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடங்கள், தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் பொறுத்துக் கீழே கிடத்துங்கள் என்பது அவர்கள் யோசனை. கிடத்தியதும் கண் விழிக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அழுகை அடங்குவது ஒன்று, ஒட்டுதல் வளர்வது இன்னொன்று. இரண்டு மாதத்துப் பிள்ளை 'ங்கா' என்கிறது. நாமும் 'ங்கா' என்கிறோம். அது காலை உதைத்துச் சிரிக்கிறது. ஒட்டுதல் இங்கேதான் வளர்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் 1970களில் தாய்மாரைச் சற்று நேரம் முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் இருக்கச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தும் குரல் கொடுத்தும் அம்மாவை மீட்கப் பார்த்தன. முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன, அழுதன. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய மற்றொரு கண்டுபிடிப்பு: சாதாரண விளையாட்டிலும் தாயும் பிள்ளையும் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை. நாம் சிரிக்கும்போது அது கொட்டாவி விடும். தவறியதைச் சட்டென்று சரிசெய்துகொள்வதில்தான் நம்பிக்கை பிறக்கிறது. 16 வார மகப்பேற்று விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக ரயில் ஏறலாம்.

அந்தப் பதில் 'ங்கா'வை அம்மாதான் தரவேண்டும் என்பதும் இல்லை. 1950களில் உகாண்டாவில் தாய் சேய் உறவை ஆராய்ந்த மேரி எயின்ஸ்வொர்த், அப்பா, பாட்டி, அண்ணன் அக்கா என்று பலரிடமும் ஒட்டிக்கொண்ட குழந்தைகளைக் கண்டார். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இதில் புதுமை இல்லை. சிங்கப்பூர் அப்பாக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் நான்கு வார விடுப்பு கட்டாயமாகியிருப்பதை அதனால்தான் வரவேற்கிறேன்.

திரை அந்தப் பதிலைத் தருமா? தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய கே.கே. மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், தாயையும் பிள்ளையையும் பல ஆண்டு பின்தொடரும் 'கஸ்டோ' ஆய்வு 2009இல் தொடங்கியது. சீன, மலாய், இந்தியத் தாய்மார் 1,200 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகளுக்கு ஒன்பது வயதில் கவனத்தையும் தன்னடக்கத்தையும் சோதித்தபோது மதிப்பெண் குறைந்திருந்ததாக 2023இல் முடிவு வந்தது. திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கார்ட்டூன் பொம்மை, பிள்ளை சிரித்தாலும் அழுதாலும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

நாம் பேசாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. பகலெல்லாம் பதில் 'ங்கா' சொல்பவர் பல வீடுகளில் பணிப்பெண்தான். ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு. அது முடிந்து அந்த ஆன்ட்டி ஊருக்குப் போனதும் பிள்ளை வாசலையே பார்க்கும், சோறு இறங்காது. 'புது ஆள் வந்தால் மறந்துவிடும்' என்கிறோம். சில வீடுகளில் பழையவர் கிளம்பும் முன்பே புதியவரை வரவழைத்து, இருவரையும் சில நாள் சேர்ந்து பிள்ளையைப் பார்க்கவைக்கிறார்கள். பிறகு வாரம் ஒருமுறை வீடியோவில் ஆன்ட்டியைக் காட்டுகிறார்கள். கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் நீட்ட எனக்குச் சம்மதமான வேளை அதுதான். அந்தத் திரையில் இருப்பவர் பதில் சொல்வார்.