குரோஷா தோரணம்: நூல் விலையும் கை விலையும்

பண்டிகைக் காலம் நெருங்கினால் வாசல் தோரணம் கேட்டு வாடிக்கையாளர்கள் நமது கடைகளுக்கு வருவது வழக்கம். மாவிலைத் தோரணம் கட்டிய மறுநாளே வாடிவிடும். பிளாஸ்டிக் தோரணம் வாடாது, ஆனால் ஒரு வெயில் காலம் கழிந்தால் சாயம் வெளுத்து நொறுங்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் கையால் பின்னிய குரோஷா தோரணத்தையும் இப்போது கேட்கிறார்கள். வரிசையாகத் தொங்கும் முக்கோணக் கொடிகள், அவற்றை இணைக்கும் பின்னல் கயிறு, இவ்வளவுதான் சரக்கு. அக்கம்பக்கத்துத் தாய்மார்களே பின்னிக் கொண்டு வந்து, "அண்ணாச்சி, இதைக் கடையில் மாட்டி விற்றுத் தருவீர்களா?" என்று கேட்கிறார்கள். நம்மில் பலர் உடனே திருப்பிக் கேட்பது, "நூல் எவ்வளவும்மா ஆச்சு?" என்பதுதான். விலை அந்த இடத்திலேயே தவறிப் போகிறது என்பது எங்கள் எண்ணம். நூல், பொத்தான், ஜரிகை மொத்த வியாபாரத்தில் இருப்பவர்கள் என்ற முறையில் இந்தச் சரக்கைப் பற்றி நாங்கள் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

குரோஷா என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி, ஒரே நூல். ஸ்வெட்டர் பின்னுவதற்கு இயந்திரம் உண்டு. உண்மையான குரோஷா பின்னலுக்கு இன்றுவரை இயந்திரம் கிடையாது. குரோஷா போலத் தோன்றும் இயந்திர லேஸ் சந்தையில் நிறைய இருந்தாலும் அதன் கட்டுமானம் வேறு. ஆகவே குரோஷா என்று நம்மிடம் வரும் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் உட்கார்ந்து மணிக்கணக்கில் பின்னியதாகத்தான் இருக்கும்.

முதலில் நூல். தோரணத்துக்கு இரண்டு வகை நூல் வாங்குகிறார்கள். ஒன்று அக்ரிலிக் உல்லன், மற்றொன்று பருத்தி. உல்லன் விலை குறைவு, நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் சூடான அயர்ன் பெட்டி பட்டால் தட்டையாகி உருக்குலைந்துவிடும், கஞ்சியும் சரியாகப் பிடிக்காது. தோரணம் விறைப்பாக நிற்க வேண்டிய பொருள் என்பதால் பருத்தி நூலையே சொல்வோம். அதிலும் மெர்சரைஸ்டு நூல் நல்லது. ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தும் முறைக்கு 1850-ல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் வந்தது இது. பின்னாளில் நூலை இழுத்துப் பிடித்தபடி அதே பதம் செய்தபோது பளபளப்பும் சேர்ந்தது. சாயமும் நன்றாக ஏறும்.

குரோஷா நூலில் எண் கூடினால் நூல் மெலியும் என்பதைக் கடைப் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். 10-ஆம் எண் தடிப்பு, 20 மெல்லியது, 40 அதனினும் மெல்லியது. மேசை விரிப்புக்கு 20 சரி. தோரணத்துக்கு அது போதாது. தடித்த பருத்தி நூலும் 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் ஊசியும் வேண்டும். ஊசியின் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மில்லிமீட்டர் மாறாது. மில்லிமீட்டர் கேட்டு எடுத்துக் கொடுத்தால் திரும்பி வரும் ஊசி குறையும்.

நூல் உருண்டையின் லேபிளில் உள்ள லாட் எண்ணைக் கவனியுங்கள். ஒரே சிவப்பு என்றாலும் இரண்டு முறை சாயம் போட்டால் இரண்டு சிவப்பு. உருண்டையாக இருக்கும்போது தெரியாத வேறுபாடு கொடியாகத் தொங்கும்போது தெரியும். அடர் சிவப்பு, கருநீலம் ஆகியவற்றை வெள்ளையோடு சேர்த்துப் பின்னுகிறவர்களிடம், ஒரு முழத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிப் பின்னல். விலை பேச வேண்டியவர்களுக்கு இதன் வேலை அளவு தெரிந்திருப்பது நல்லது. நான்கு செயின் போட்டு வளையமாக்கி, அதற்குள் மும்மூன்று டிரிபிள் கொண்ட மூன்று கொத்துகள் போடுவார்கள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் மூன்று செயின். இந்தச் செயின் இடைவெளிகளே முக்கோணத்தின் மூன்று மூலைகள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்துகள், நடுவில் மூன்று செயின். மூன்றாம் சுற்று முதல் மூலைகளில் இரண்டிரண்டும், பக்கங்களிலுள்ள ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்றும் வரும். (செல்போனில் படம் பார்த்துப் பின்னுகிறவர்கள் கவனிக்க: ஆங்கிலேயர் டிரிபிள் என்பதை அமெரிக்கர் டபுள் என்பார்கள். எந்த நாட்டுப் படம் என்று பாராமல் பின்னினால் கொடி குள்ளமாகவோ நெட்டையாகவோ வரும்.)

முதல் சுற்றில் 3 கொத்து, இரண்டில் 6, மூன்றில் 9, நான்கில் 12, ஐந்தில் 15. ஐந்து சுற்று கொண்ட ஒரு கொடிக்கு 45 கொத்து, அதாவது 135 டிரிபிள். மூன்றடி வாசலுக்குச் சுமார் நாலரை அங்குலக் கொடிகள் ஏழு வேண்டும். ஆக 945 டிரிபிள். ஒரு டிரிபிளுக்கு ஊசி நான்கு முறை நூலைப் பிடிக்கிறது. கொடிகளுக்கு மட்டும் 3,780 முறை. மூலைச் செயின்கள் தனி, கயிறு தனி.

கயிற்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் செயினில் கொடிகளைக் கோத்தால் எடை தாங்காமல் இழுபட்டு, நடுவில் தொய்ந்து, வருகிறவர் தலையில் இடிக்கும். கொடிகளின் மேல் விளிம்பையும் இடைச் செயின்களையும் சேர்த்து இரண்டு வரிசை நெருக்கமாகப் பின்னி, இரு நுனியிலும் மாட்டுவதற்குக் காது வைத்திருக்க வேண்டும். வாங்கும்போது இரு நுனியையும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். பின்புறம் நூல் நுனிகள் உள்ளே கோத்து மறைக்கப்பட்டுள்ளனவா, முடிச்சிட்டு வெட்டப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். முடிச்சு ஒரு துவையலில் அவிழும். கொடி ஓரம் சுருண்டிருந்தால் அதைக் குறையாகச் சொல்லாதீர்கள். கஞ்சியில் நனைத்து, மூன்று மூலையையும் குண்டூசி குத்தி நிழலில் காயவைத்தால் நேராகிவிடும்.

இப்போது விலைக்கு வருவோம். கை பழகியவருக்கு ஒரு கொடிக்கு அரை மணி நேரம் ஆகும். ஏழுக்கு மூன்றரை மணி, கயிறு, கஞ்சி, முடிப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு மணி. ஆக நாலரை மணி. நூல் 50 கிராமுக்குள் அடங்கும். நம் கடைத் தராசிலேயே தோரணத்தை நிறுத்துப் பார்த்துக் கொள்ளலாம். கணக்குக்காக நூல் 60 ரூபாய், கைக்கூலி மணிக்கு 40 ரூபாய் என்று வைப்போம். உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக் கொள்ளுங்கள். நூல் 60, கூலி 180, அடக்கம் 240. கடை லாபம் அடக்கத்தின் மேல் நூற்றுக்கு 20 வைத்தால் 288.

நடப்பது என்ன? "நூல் அறுபதுதானே, நூறு ரூபாய் வாங்கிக்கோம்மா" என்கிறோம். அந்த நூறில் நூல் போக மீதி 40. நாலரை மணி நேரத்துக்கு நாற்பது, அதாவது மணிக்கு ஒன்பது ரூபாய்கூட இல்லை. நம் கடையில் மூட்டை இறக்குகிறவரிடம் இந்தக் கூலியைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுவதுதானே" என்பார்கள் சிலர். சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு கிடைக்கும் நேரம் அது. அதைச் சும்மா இருக்கிற நேரம் என்று எப்படிச் சொல்வது?

இது நம் ஊரில் மட்டும் உள்ள பேச்சு அன்று. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபூர் குரோஷா லேசுக்குப் பேர் பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாகக் கோதாவரிப் பகுதிக்கு வந்த கைத்தொழில், பின்னர் வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கே ஆராய்ந்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னும் பெண்களைத் தொழிலாளர் என்று எண்ணாமல், ஓய்வு நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்று எண்ணியதால்தான் கூலி அவ்வளவு தாழ்ந்து கிடந்தது, இடையில் இருந்த வியாபாரிகள் செழித்தார்கள் என்பது அதன் சாரம். வியாபாரிகளான நமக்குக் கசக்கும் செய்தி, ஆனாலும் கேட்டுக் கொள்ள வேண்டியது. அந்த நரசாபூர் லேசுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. (நாகர்கோவிலில் 1820-களில் மால்ட் அம்மையார் தொடங்கியது இதுதான் என்று சிலர் சொல்வதுண்டு. அது தலையணை மேல் நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேறு வகை லேஸ்.)

288 ரூபாய்க்கு எங்கள் தெருவில் யார் வாங்குவார்கள் என்று கேட்கும் வணிகர்களுக்கும் வழி இருக்கிறது. கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள். ஐந்து சுற்றுக்குப் பதில் மூன்று சுற்றுக் கொடி என்றால் 135 டிரிபிள் 54 ஆகிவிடும். கொடி சிறிதாகும், பூஜை அறைக்கும் ஜன்னலுக்கும் அதுவே பொருத்தம். வாசலுக்கு ஏழு கொடிக்குப் பதில் ஐந்து வைத்து இடைச் செயினை நீட்டலாம். நூலை நீங்களே மொத்த விலைக்கு எடுத்துக் கொடுத்தால் அதிலும் மிச்சம் உண்டு. கொடுக்கும்போது உருண்டையை நிறுத்துக் கொடுத்து, தோரணம் வரும்போது மீதி நூலோடு நிறுத்து வாங்கினால் இரு பக்கமும் மனத்தாங்கல் வராது. விற்றால் பணம், இல்லாவிட்டால் பண்டிகை முடிந்ததும் அழுக்கேறிய தோரணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்ற பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது. குறைவாக எடுங்கள், ரொக்கம் கொடுத்து எடுங்கள்.

கடையில் மாட்டும்போது வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள். ஒன்றே ஒன்றை மாதிரிக்கு மாட்டி, மற்றதைக் கஞ்சி போடாமல் மடித்து வையுங்கள். கஞ்சித் துணியைப் பூச்சி தேடி வரும். விற்கும் அன்று கஞ்சி முறையை வாய்ச் சொல்லாகச் சொல்லி அனுப்பினால் போதும்.

தீபாவளிக்கு 20 தோரணம் வேண்டுமென்றால் அது 90 மணி நேர வேலை. நாளுக்கு இரண்டு மணி பின்னும் ஒருவருக்கு 45 நாள் ஆகும். ஆடி முடிவதற்குள் ஆர்டர் சொல்லி, 20-க்கும் வேண்டிய நூலை ஒரே லாட்டில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.