ஓர் எக்ஸுக்கு இரண்டின் உழைப்பு

பழ ஈயில் பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். அப்படியிருந்தும் அதிலுள்ள மரபணுக்களின் விளைச்சல் இருவரிடமும் ஏறத்தாழச் சமம். இந்தக் கணக்கு நேராகும் விதத்தை 1965இல் நேச்சர் இதழில் காட்டியவர்கள் ஏ. எஸ். முகர்ஜியும் ஜெர்மானிய அறிஞர் வொல்ஃப்காங் பீர்மனும். பின்னர் பாலிகஞ்ச் சர்குலர் சாலையிலுள்ள கல்கத்தா பல்கலைக்கழக விலங்கியல் துறையில் முகர்ஜி இதே ஆய்வைத் தொடர்ந்தார்.

ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் பட்டை பட்டையாகப் பெருத்திருக்கும். அங்கே கதிரியக்க யூரிடினைச் செலுத்தினால், ஆர்.என்.ஏ உருவாகும் இடங்களில் அது போய்ச் சேரும். மேலே பூசிய புகைப்படக் குழம்பில் கரும்புள்ளிகள் விழும். ஆணின் ஒற்றை எக்ஸ் மேல் விழுந்த புள்ளிகள், பெண்ணின் இரண்டின் மேலும் விழுந்தவற்றுக்கு நெருங்கியிருந்தன. பாலூட்டிகளில் பெண் ஒரு எக்ஸை மூடிவைக்கிறது. ஈயிலோ ஆணின் எக்ஸ் இரட்டிப்பாக உழைக்கிறது.

இந்த உழைப்பை வாங்குவது ஐந்து புரதங்களும் ரோக்ஸ்1, ரோக்ஸ்2 என்ற இரு ஆர்.என்.ஏக்களும் கொண்ட கூட்டு என்பது பிற்காலத்தில் தெரிந்தது. ரோக்ஸ் இரண்டில் ஒன்று போனால் ஆண் ஈ பிழைத்துக்கொள்ளும். இரண்டும் போனால் பெரும்பாலானவை செத்துவிடும். இப்படி இரு மரபணுக்கள் ஒருசேரப் போகும்போது, சேர்ந்த சேதம் தனித்தனிச் சேதங்களின் கணக்கை மிஞ்சினால் அவற்றிடையே இருப்பது எதிர்க்குறி ஊடாட்டம், குறைந்தால் நேர்க்குறி. பெண் ஈக்கோ இரண்டும் போனாலும் கேடில்லை. அங்கே எஸ்எக்ஸ்எல் என்ற மரபணு, கூட்டுக்கு இன்றியமையாத எம்எஸ்எல்2 புரதத்தை உருவாகவே விடாது. ஆக, ஒரு ஜோடியின் உறவை மூன்றாவது ஒன்று தீர்மானிக்கிறது. உயர்வரிசை ஊடாட்டம் என்பது இதுதான்.

இத்தகைய உறவுகளை மொத்தமாக அளந்தது ஈஸ்ட்டில். டொராண்டோ ஆய்வாளர்கள் தலைமையில் 2016இல் வெளியான வரைபடத்துக்கு ஏறக்குறைய 2.3 கோடி மரபணு ஜோடிகள் சோதிக்கப்பட்டன. எதிர்க்குறி உறவுகள் சுமார் 5.5 லட்சம், நேர்க்குறி உறவுகள் சுமார் 3.5 லட்சம். 2018இல் அதே குழுவினர் மும்மரபணுச் சேர்க்கைகளுக்கும் போனார்கள்.

குறிகள் கிடைத்தபின் எழுவது சமநிலைக் கேள்வி. மூன்று மரபணுக்களுக்கு இடையிலுள்ள மூன்று குறிகளையும் பெருக்கினால் நேர்க்குறி வரும் முக்கோணம் சமநிலையுடையது. மனிதரின் நட்பு பகை பற்றி ஃபிரிட்ஸ் ஹைடர் 1946இல் முன்வைத்த கருத்தின் வழிவந்தது இது. ஒரே கூட்டில் வேலை செய்யும் இரு மரபணுக்களிடையே நேர்க்குறி இருந்து, வெளியிலுள்ள ஒன்றோடு இரண்டுக்கும் எதிர்க்குறி இருந்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் ஒப்புமையை நீட்டக் கூடாது: மரபணுக்களுக்குப் பகைமை கிடையாது, குறி என்பது செல் வளரும் வேகத்தின் அளவீடு. எனவே சமநிலை குலைந்த முக்கோணத்தைப் பிழையென்று ஒதுக்குவது அவசரம். இரு வேறு வேலைகளில் பங்குள்ள மரபணு ஒன்று அங்கே இருக்கக்கூடும்.