மருந்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு பாலம்

மனநலக் கழகத்தின் 2016 ஆய்வுப்படி, சிங்கப்பூரில் 7 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனநலப் பாதிப்புக்கு ஆளானவர். அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் நிபுணர் உதவியை நாடவில்லை. வெளியில் தெரிந்தால் அவமானம் என்ற அச்சமும் ஒரு காரணம்.

இத்தகையோரின் வீடு தேடிச் செல்பவர் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். அவர் மருந்து எழுதித் தருவதில்லை. மாத்திரை நின்றுவிட்டதா, மருத்துவச் சந்திப்பு தவறியதா, வாடகை பாக்கியா என்று விசாரித்து, உரிய மருத்துவரிடமும் குடும்பச் சேவை நிலையத்திடமும் சேர்ப்பார்.

தேக்கா அடுக்குமாடியில் தனியே வாழும் மூதாட்டி, “தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது” என்று மட்டும் சொல்லலாம். தமிழில் ஆற அமரப் பேசினால்தான் உள்ளே இருக்கும் கவலை வெளிவரும்.

1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் செயல்படுகிறது. குடும்பத்தாரும் அழைக்கலாம்.