வன்பொருள் பணப்பை

வன்பொருள் பணப்பை என்பது மறையீட்டு நாணயங்களுக்கான தனித் திறவுகோலைக் கணினிக்கு வெளியே வைத்துக் காக்கும் சிறு கருவி ஆகும். முன்னோடியான டிரெசர் 2014 இல் விற்பனைக்கு வந்தது.

இக்கருவி பெரும்பாலும் யூ.எசு.பி. வழியாக உலாவியுடன் இணைக்கப்படுகிறது. குரோம் போன்ற உலாவிகளில் வெப்யூஎசுபி, வெப்எச்ஐடி ஆகிய இடைமுகங்கள் இதற்கு உதவுகின்றன. உலாவி பரிமாற்ற விவரத்தை அனுப்பும். கருவி தன்னுள்ளேயே ஒப்பமிட்டு, ஒப்பத்தை மட்டும் திருப்பித் தரும். திறவுகோல் வெளியே வருவதில்லை. எனினும் இதுவே முழுப் பாதுகாப்பு என எண்ணுவது பிழை. உலாவித் திரையை நம்பாமல், கருவியின் திரையில் தெரியும் முகவரியையும் தொகையையும் சரிபார்த்த பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். மீட்புச் சொற்களை (வழக்கமாக 12 அல்லது 24) எவ்வலைத்தளத்திலும் தட்டச்சிடலாகாது.

2024 சூலை 18 அன்று இந்தியாவின் வசீர்எக்சு சந்தை ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நாணயங்களை இழந்தது. தன் சார்பில் ஒப்பமிட்ட மூவரும் லெட்ஜர் கருவிகளையே பயன்படுத்தியதாகவும், இடைமுகத்தில் தெரிந்ததும் உண்மையில் ஒப்பமிடப்பட்டதும் வேறு வேறு எனவும் அந்நிறுவனம் தெரிவித்தது. பலர் கூடி ஒப்பமிடும் பணப்பைகளில், பரிமாற்றத்தின் உள்ளடக்கம் கருவியின் சிறு திரையில் பொருள் விளங்கா எண்தொடராகவே தோன்றுவதுண்டு. அதனை அப்படியே ஏற்று ஒப்பமிடுவது குருட்டொப்பம் எனப்படும்.

2025 இல் சென்னை உயர் நீதிமன்றம், வசீர்எக்சு பயனர் ஒருவரின் வழக்கில், மறையீட்டு நாணயம் ஒரு சொத்தே எனக் கூறியது.