பயோடேட்டா எத்தனை பக்கம் இருக்கணும்?

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின் ஏலத்துக்கு வரும் வியாபாரி, ஏலக்காய் மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. மாதிரிக்குத் தரும் கொஞ்சம் காயில் நிறமும் பருமனும் பார்த்துத்தான் விலை கேட்பார். வேலைக்கு நீங்கள் அனுப்பும் பயோடேட்டாவும் அந்த மாதிரிக் காய் போலத்தான். மூட்டையையே அனுப்பினால் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நல்ல காய் மாதிரியில் வராமல் போனாலோ, நஷ்டம் உங்களுக்கு.

"சரி, எத்தனை பக்கம் போடலாம்?" நீங்கள் எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

இப்பத்தான் படிச்சு முடிச்சீங்களா? 1 பக்கம் போதும்

குரங்கணியிலிருந்து சுமார் 16 கி.மீ. பஸ்ஸில் போடிக்கு வந்து படித்த மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அவர்தான் முதல் பட்டதாரி. கடையில் டைப் செய்து வாங்கிய பயோடேட்டா 3 பக்கம். அதில் தந்தை பெயர், மதம், உயரம், பொழுதுபோக்கு, உறுதிமொழி எல்லாம் இருக்கு. ஆனால் விடுமுறையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கோடவுனில் வேலை பார்த்தது மட்டும் இல்லை. "அது கூலி வேலைதானே, அதைப் போய் எழுதுவாங்களா?" என்று விட்டுவிட்டார்.

அதைத்தான் முதலில் எழுதணும். "2 சீசன் ஏலக்காய் தரம் பிரித்தேன், தினசரி எடைக் கணக்கை நோட்டில் பதிந்தேன்" என்ற ஒரே வரியில் பொறுப்பு, கணக்கு, நேரம் தவறாமை மூன்றும் தெரிந்துவிடும். படிப்பு, செய்த புராஜெக்ட், 'நான் முதல்வன்' திட்டத்தில் முடித்த பயிற்சி, இந்த மாதிரி வேலை அனுபவம் எல்லாம் சேர்த்தாலும் 1 பக்கத்தில் அடங்கும். பக்கம் நிரம்பவில்லையே என்று கவலைப்பட்டு வெற்று வரிகளைச் சேர்க்க வேண்டாம்.

3 முதல் 10 வருஷ அனுபவமா? 1 பக்கம், தேவைப்பட்டால் 2

கடைசியாகப் பார்த்த வேலை மேலே வரட்டும். ஒவ்வொரு வேலைக்கும் 3, 4 வரிகள் போதும். இரண்டாம் பக்கத்தில் நாலு வரி மட்டும் தொங்கினால், சுருக்கி 1 பக்கமாக்குங்கள்.

10 வருஷத்துக்கு மேலா? 2 பக்கம்

இவர்கள் செய்யும் தவறு வேற மாதிரி. 15 வருஷ சூப்பர்வைசர் அனுபவத்தை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள், எந்த இயந்திரம் தெரியும், எந்தக் கணக்கைப் பார்த்தீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். பழைய வேலைகளுக்கு ஆளுக்கொரு வரி போதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் இனி தேவைப்படாது. குழந்தை வளர்ப்புக்காக இடையில் வேலையை விட்டிருந்தால், அந்த ஆண்டுகளை ஒரே வரியில் சொல்லிவிடலாம். மறைக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சிப் பணிகளுக்குக் கட்டுரைப் பட்டியலும் சேர்வதால் 2 பக்கத்தைத் தாண்டலாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு பயோடேட்டாவே கிடையாது. நிரந்தரப் பதிவும் ஆன்லைன் விண்ணப்பமும்தான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் தனி விஷயம். அதை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள்.

எதையெல்லாம் எடுத்துவிடலாம்?

ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை பயோடேட்டாவில் போடவே கூடாது. அது யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. சாதி, மதம், பெற்றோர் வருமானம் எல்லாம் கல்யாண பயோடேட்டாவுக்கு உரியவை. இவற்றை நீக்கினாலே பலருக்கு அரைப் பக்கம் மிச்சமாகும்.

போனிலேயே சரிபார்க்கலாம்

பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். போனில் டைப் செய்து பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் கேட்கும் வேலையும் இருக்கட்டும். முதலில் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அரை நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, "எனக்கு என்ன வேலை தெரியும்னு புரிஞ்சுதா?" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் இன்னும் சுருக்கணும், இல்லாவிட்டால் முக்கியமானதை மேலே கொண்டுவரணும்.

அனுப்ப எங்கே?

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். தேனி மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் முகாம்களுக்குப் போகும்போது நாலைந்து பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். வேலை வாங்கித் தருவதாக யாராவது ஆன்லைனில் பணம் வாங்கி ஏமாற்றினால், உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

இன்று இரவே உங்கள் பழைய பயோடேட்டாவைத் திறந்து பாருங்கள். நீங்கள் பார்த்த வேலை அதில் எத்தனையாவது வரியில் வருகிறது?