கடல்நீர் மீன்தொட்டிக்கு எந்த விளக்கு?

எங்கள் வீட்டில் மூன்று அடி நீளமான கடல்நீர் மீன்தொட்டி ஒன்று இரண்டு வருடமாக இருக்கிறது. அதில் இரண்டு கோமாளி மீன்கள். தொட்டியோடு வந்த வெள்ளை விளக்கே அவற்றுக்குப் போதும். மீனுக்கு இரவு பகல் தெரிந்தாற் சரி. இப்போது நானா கடற்சாமந்தி ஒன்றும் வைக்க விரும்புகிறார். மேலதிக விளக்கு என்ற பேச்சு அதனால்தான் எழுந்தது. உயிரியல் படிக்கிறவள் என்று தேடிப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கடற்சாமந்தி பூப்போலத் தோன்றினாலும் அது ஒரு விலங்கு. முருகைக்கல்லை உண்டாக்கும் உயிரிகளுக்கு நெருங்கிய உறவு. இவற்றின் இழையங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவில் பெரும்பங்கு அவற்றுக்கு இடங்கொடுத்த விலங்குக்குப் போகிறது. வெளிச்சம் போதாவிட்டால் விலங்கு வெளிறிச் சுருங்கி, பல வாரங்களாகப் பட்டினி கிடந்து சாகும். மீனுக்கு விளக்கு அலங்காரம். கடற்சாமந்திக்கு அதுதான் சோறு. ஆகவே தொட்டியில் யார் வாழப் போகிறார்கள் என்று முடிவெடுத்த பின்னரே விளக்குக் கடைக்குப் போக வேண்டும்.

அடுத்தது நிறம். சூரிய ஒளியிலுள்ள சிவப்பைக் கடல்நீர் முதற் சில மீற்றர்களிலேயே உறிஞ்சிவிடும். நீலம் ஆழம்வரை இறங்கும். அந்த அல்காக்களும் 420 முதல் 460 நனோமீற்றர் வரையான நீல ஒளியை நன்றாகப் பயன்படுத்துகின்றன. எனவே இருக்கும் வெள்ளை விளக்கோடு நீல விளக்கு ஒன்றைச் சேர்ப்பதே பொருத்தம். நன்னீர்த் தாவரத் தொட்டிக்கு 6,500 கெல்வின் விளக்கு விற்பார்கள். கடல்நீர்த் தொட்டிக்கு 10,000 முதல் 20,000 கெல்வின் வரை தேடுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் கணக்கை நம்பி வாங்குவது சரியல்ல. லூமன் மனிதக் கண்ணுக்காக உண்டான அளவு. நம் கண்ணுக்குப் பச்சைதான் மிகப் பிரகாசம், நீலம் மங்கல். ஆகவே அல்காவுக்கு விருந்தாகும் விளக்கு லூமனில் ஏழையாகத் தெரியும். 400 முதல் 700 நனோமீற்றர் வரையான, ஒளித்தொகுப்புக்கு உதவும் ஒளியையே பார்க்க வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் அதை ஆழத்துக்கு ஏற்ப மைக்ரோமோல் கணக்கில் தருவார்கள். மென்மையான முருகைகளுக்கு 50 முதல் 150 வரை போதும். கடற்சாமந்திக்கு அதைவிடச் சற்றுக் கூட வேண்டும்.

உலோக ஹேலைட்டு விளக்குகளை நான் உடனே ஒதுக்கிவிட்டேன். ஒளி அருமை, ஆனால் சூடு. நம் நாட்டில் தண்ணீர் ஏற்கெனவே சூடானது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையின் முருகைகள் தம் அல்காக்களை இழந்து வெளிறிப்போனதை நாம் மறக்கக் கூடாது. ரீ-5 குழாய்கள் நல்லவை, எனினும் ஒளி குன்றுவதால் ஆண்டுக்கொருமுறையாவது மாற்ற வேண்டும். எல்.ஈ.டி. விலை கூடியதுதான், ஆனாலும் என் வாக்கு அதற்கே.

வாப்பா கேட்டது ஒரே கேள்வி: மின்கட்டணம் எவ்வளவு ஏறும்? 40 வாற்று விளக்கை நாளுக்கு 9 மணித்தியாலம் எரித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 11 அலகு. 100 வாற்று என்றால் 27 அலகு. அலகு எல்லையைத் தாண்டினால் கட்டண வீதமே கூடுவதால், இந்தக் கணக்கை வாங்குமுன் போட வேண்டும்.

புதிய விளக்கை முதல் நாளே முழுவீச்சில் எரிக்கக் கூடாது. திடீர் ஒளியும் வெளிறச் செய்யும். பாதி அளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கூட்டலாம். எட்டு, ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் எரித்தால் கண்ணாடியில் வேண்டாத அல்கா படரும். நேரக்கட்டுப்பாட்டு சுவிட்ச் ஒன்று இருந்தால் யாரும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். உப்புநீர் நன்றாக மின்கடத்தும். விளக்கின் வயர் நேரே பிளக்குக்குப் போகாமல், பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போது வயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். தொட்டிக்குள் கைவிடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள், சின்னவர்களுக்கும் அதையே பழக்குங்கள்.